ஊக்கு ஆகாத அறை

இசக்கியம்மாளின் அடிவயிற்று எம்.ஆர்.ஐ. படங்கள் திரையில் இருந்தன. இடது சினைப்பையை ஒட்டி ஒரு கட்டி. விளிம்பு தெளிவாக இல்லை. சுற்றியுள்ள தசைக்குள் இறங்கியிருந்தது. கதிரியக்கத் துறை முதுநிலை மாணவன் இளம்பரிதி அறிக்கையில் எழுதினான்: சினைப்பைப் புற்றாக இருக்கலாம்.

மறுநாள் காலை அறுவை. கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவதாகத் திட்டம். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அவனுடைய ஆசிரியர் சகாயமேரி படங்களை இரண்டு முறை பார்த்தார்.

“நாள்பட்ட தொற்றும் இப்படித் தெரியுமே.”

“எதை வச்சுப் பிரிக்கிறது, மேடம்?”

அவர் விண்ணப்பத் தாளை வாங்கிப் படித்தார். வலி மூன்று மாதமாக. ஒரு பெண் குழந்தை. கருத்தடை என்ற இடத்தில் ‘இல்லை’. யார் சொன்னது என்று கேட்டார். வழக்கம்போல கவுண்டரில் வைத்துக் கேட்டதாகவும், பக்கத்தில் நின்ற மாமியார் பதில் சொன்னதாகவும் இளம்பரிதி சொன்னான்.

“ஜாதகம் பாக்குறவர்கூட பிறந்த நேரத்தைச் சரியா கேட்டுட்டுத்தான்யா பலன் சொல்றாரு.”

அவர் எழுந்து வெளியே போனார். இசக்கியம்மாளை ஸ்கேன் அறைக்குள் வரச் சொன்னார். மாமியாரும் எழுந்தார். அவர் ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்குகளைக் காட்டி, இரும்பு உள்ளே வரக்கூடாது என்றார் சகாயமேரி.

“இத்துனூண்டு ஊக்குக்கு அம்புட்டுப் பெரிய மிஷின் பயப்படுதாக்கும்,” என்று சொல்லிக்கொண்டே மாமியார் உட்கார்ந்தார்.

கதவை மூடிய பிறகு, கருத்தடை எதுவும் எப்போதாவது வைத்திருந்தாளா என்று சகாயமேரி கேட்டார்.

இசக்கியம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “காப்பர்-டி போட்டிருந்தேன். ஆறு வருஷம். வலி தாங்காம போன மாசம் எடுத்துட்டேன். அத்தைக்குத் தெரியாது. பேரன் வேணும்னு என்னைய கோயில் கோயிலா கூட்டிட்டு அலையுதாவ.”

“எங்க மூலமா தெரியாதும்மா.”

காப்பர்-டி பல வருஷம் உள்ளே இருந்தவர்களுக்கு அரிதாக ஒரு தொற்று வரும். படத்தில் அது புற்றைப் போலவே இருக்கும். அறிக்கை மாமியார் கைக்குப் போகும் என்பதால் சகாயமேரி அதில் காப்பர்-டி பற்றி எழுதவில்லை. மகப்பேறு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அறுவை தள்ளிவைக்கப்பட்டது. ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்த்தார்கள். தொற்றுதான். பென்சிலின் போடத் தொடங்கினார்கள்.

முடிவு வந்த அன்று இளம்பரிதி அந்தப் படங்களை மறுபடி திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு ஆசிரியரிடம் போனான்.

“அவங்க சொல்லலைன்னா, படத்தை மட்டும் வச்சு நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களா, மேடம்?”

“இல்ல. நீங்க எழுதினதைத்தான் நானும் எழுதியிருப்பேன்.”

“அப்போ இருபத்திரண்டு வருஷமா படம் பாத்துப் பாத்து...” அவன் நிறுத்திக்கொண்டான்.

“கேளுங்க.”

“படத்துல என்ன பாக்கக் கத்துக்கிட்டீங்க?”

சகாயமேரி அடுத்த நோயாளியின் தாளை எடுத்தார்.

“அதுல எது தெரியாதுங்கிறதை.”