ரொட்டி வண்டியும் ஒரு பக்க விளக்கும்

கதை சின்னது. குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேள்வி கேட்பது கடைசியில் என் வேலை.

தென்காசியில் குற்றாலிங்கம் என்று ஒரு போட்டோக்காரர். கல்யாண வீடுதான் பிழைப்பு. தெருவுக்குத் தெரு போட்டோக்காரன் முளைத்துவிட்டதால், தனக்கென்று ஒரு புதுமை வேண்டும் என்று பழைய இரும்புக் கடையில் கிடந்த வேன் ஒன்றை வாங்கினார். வளைந்த மூக்கு, உருண்டை விளக்கு. ஒரு காலத்தில் ரொட்டிக் கம்பெனிக்காக ஊர் ஊராய் ஓடிய வண்டி. அதற்குப் பிறகு எதற்கு ஓடியது என்று அவர் கேட்கவில்லை. அதைப் புதுப்பித்து, பொண்ணு மாப்பிள்ளையை அதோடு நிறுத்திப் படம் எடுப்பதாகத் திட்டம்.

பெயிண்டர் இசக்கி துருவைச் சுரண்டும்போது நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, அடியில வேற எழுத்து இருக்கு."

"ரொட்டிக் கம்பெனி பேரா இருக்கும். அதைப் படிச்சா வயிறு நிறையுமாடே? மூடு. வர்ற முகூர்த்தத்துக்கு வண்டி வேணும்."

இசக்கி மூடினான். பட்டி பூசி, மேடு பள்ளம் போகத் தேய்க்க நேரமில்லை. எழுத்தின் மேலேயே கிரீம் கலர் அடித்து, சிவப்புப் பட்டை இழுத்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி புதுப்பெண் மாதிரி நின்றது.

முதல் வேலை கோமதியின் கல்யாண வரவேற்பு. கோமதிக்குத் தாய் இல்லை. வளர்த்தவள் சித்தி உலகம்மாள். புருஷனை இழந்தவள், ஆகையால் சடங்குகளில் எல்லாம் நாலடி தள்ளியே நின்றாள். படம் எடுக்கும் இடத்துக்கு மட்டும், பிள்ளையின் சேலையைச் சரிசெய்ய வந்தாள்.

வண்டியை ஓட்டி வந்தவனும் இசக்கிதான். பொண்ணு உள்ளே உட்காருவதற்காகத் திறந்து பார்த்த பின்கதவை, அவள் ஏறும்வரை காற்றுக்கு ஆடாமல் இருக்க அறைந்து சாத்தினான். மூடவில்லை. இரண்டாவது அறைக்குத்தான் மூடியது. அந்தச் சத்தத்தில் உலகம்மாளின் கை சேலை மடிப்பில் அப்படியே நின்றுவிட்டது.

"உள்ள வேண்டாம். வெளியவே நிக்கட்டும்" என்றாள்.

"ஏன்க்கா?" என்றார் குற்றாலிங்கம்.

"பட்டு கசங்கிரும்."

சரி என்று வண்டியின் பக்கவாட்டில் நிறுத்தினார். குற்றாலிங்கத்துக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டுக்கு வீடு சொல்லுவார்: "முன்னால விளக்கடிக்கிறவன் போட்டோக்காரனே இல்ல. மூஞ்சி தோசைக்கல்லு மாதிரி ஆயிரும். பக்கத்து வெளிச்சம்தான் முகத்துக்கு உயிரு."

பக்கத்தில் விளக்கு வைத்து முதல் படம் எடுத்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல, கோமதி வாய்விட்டுச் சிரித்த படம். குனிந்து காமிராவைப் பார்த்தார். பிறகு விளக்கைத் தூக்கி நேர் முன்னால் வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி மாத்துறீங்க?" என்றாள் கோமதி.

"பக்கத்துல இருந்தா கண்ணு கூசும், தாயி."

மிச்சப் படம் எல்லாம் முன் விளக்கில்தான்.

எடுக்க எடுக்கப் படம் மண்டபத்துப் பெரிய திரைக்குத் தானாகப் போய் விழும். திரும்பத் திரும்ப ஓடும். அதுவும் அவர் புதுமைதான். எல்லாரும் உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்தபோது முதல் படம் வந்தது. வண்டியின் வழவழப்பான தகட்டில், கோமதியின் தலைக்கு அந்தப் பக்கம் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. மாப்பிள்ளையின் மாமா கூட்டிப் படித்தார்.

"அ... ம... ர. அமர! உக்காரச் சொல்லுதான்வே, நீரு நிக்கீரே!"

பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை தலைக்கு இந்தப் பக்கம் இன்னொரு சொல் இருந்தது. ஊர்தி. தலைகள் மறைத்த ஓர் எழுத்தை அவரவரே போட்டுக்கொண்டார்கள். அமரர் ஊர்தி. பிணம் ஏற்றிய வண்டி. சிரிப்பு நின்றது.

"யாருக்குடே இது தெரியும்?" என்று மாமா கத்தினார்.

உலகம்மாள் எழுந்தாள். "எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஆளை இதுலதான் கொண்டு போனாங்க. கதவுச் சத்தத்துல கண்டுக்கிட்டேன். நல்ல நேரத்துல என் வாயால அந்தச் சொல் வரக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"தாலியறுத்தவ புத்தி! வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கா!" என்றார் மாமா.

"எனக்கும் தெரியும்" என்றான் இசக்கி. "எழுத்து இருக்குன்னேன். என்ன எழுத்துன்னு அண்ணாச்சி கேக்கல, நானும் சொல்லல."

குற்றாலிங்கம் காமிராவின் மேல் கை வைத்தார். "சத்தியமா, உங்களோட சேந்து இப்பதான் பாக்கேன்."

பாவம், ரொட்டி வண்டி என்று நம்பி வாங்கிய மனுஷன் என்று அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். இசக்கியைத் திட்டினார்கள். உலகம்மாள் சாப்பிடாமல் அடுப்படி வழியாக வெளியே போனாள். கோமதி மேடையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

தெரிந்தும் சொல்லாதவள் ஒருத்தி, கேட்காததால் சொல்லாதவன் ஒருத்தன், தெரியாது என்று சத்தியம் செய்தவர் ஒருத்தர். இந்த மூவரில் வெட்கப்பட வேண்டியது யார்? சொல்லிவிட்டு மேலே கேளுங்கள்.

விடை: குற்றாலிங்கம். விளக்குக்குக் கால் கிடையாது. கொள்கையை விட்டு அதை ஏன் முன்னால் கொண்டுபோனார்? பக்க வெளிச்சத்தில் புடைப்பு தெரியும், முன் வெளிச்சத்தில் மறையும். காமிராவில் பார்த்துவிட்டார். கண் கூசும் என்றது பொய். விளக்கு கண்ணுக்கு நேரே வந்தால்தான் கூசும். இசக்கி பாதி சொன்னான், மீதியை முழுங்கினான். அவனுக்குப் பாதி வெட்கம். உலகம்மாளோ பிள்ளையை அந்த வண்டிக்குள் ஏறவிடாமல் காத்தவள். அவளுக்கு ஏது வெட்கம்?

மூன்று பேரைத்தான் கேட்டேன். நீங்களும் மூன்று பேரோடு நிறுத்திக்கொண்டீர்கள். விளக்கு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்து, ஏன் என்று வாய்விட்டும் கேட்டவள் ஒருத்தி, அதைச் சபையில் சொல்லாமல் மேடையில் இருந்தாள். வளர்த்தவள் அடுப்படி வழியாகப் போகும்போது அவள் தலை எதற்குக் குனிந்தது? நாணம் என்றுதான் பந்தியில் பேசிக்கொண்டார்கள்.