பதினொரு கொட்டைக் கையும் பன்னிரண்டு கொட்டைக் காலும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மாணிக்கவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நாட்டின் பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். நல்ல அரசர்தான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் வேட்டைக்குப் போக முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவர் மனதில் ஒரு விளையாட்டு உதித்தது. அன்றிலிருந்து அரண்மனையில் வேறு வேலை நடக்கவில்லை.

சபை நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மணல் தொட்டி. மணலில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, நடுவே ஒரு களிமண் மலை, ஓரத்தில் நீலத்துணி விரித்த ஆறு. ஆடுகிறவர் ஒரு மண்பொம்மையை வைத்துக்கொண்டு அதற்குப் பெயர், ஊர், குணம் எல்லாம் சொல்ல வேண்டும். பிறகு பன்னிரண்டு புளியங்கொட்டை தருவார்கள். அதைக் கைக்கிண்ணத்திலும் கால்கிண்ணத்திலும் பிரித்துப் போட வேண்டும். காலில் எத்தனை கொட்டையோ, ஒரு முறைக்கு அத்தனை கட்டம் வரை நடக்கலாம். தன் முறையில் நடந்து முடித்தபின் எதிரி பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் அடிக்கலாம். யார் கையில் கொட்டை அதிகமோ அவர் அடி விழும், மற்றவர் பொம்மை சாயும்; சமமென்றால் முதலில் அடித்தவர் அடி விழும். மழை பெய்கிறது, புலி வருகிறது என்று களத்தில் நடப்பதைச் சொல்லிக்கொண்டு போவது அரசரின் வேலை.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் அரசருக்கு மிகவும் பிடித்தது. ஆட்டம் தொடங்கும்போது பொம்மை ஒரு சபதம் செய்ய வேண்டும். பொம்மை செய்த சபதத்தை ஆடுகிற ஆளும் காக்க வேண்டும். ஒரு மந்திரி தன் பொம்மை மௌனவிரதம் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தார். அந்த மூன்று நாளும் நாட்டில் எந்தக் குழப்பமும் இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கையில் போடுவதா, காலில் போடுவதா என்று சபையில் ஓயாத வாதம். வாதத்தை முடித்துவைத்தவர் சேனாதிபதி இரணசிங்கர். ஆள் கோயில் கதவு மாதிரி இருப்பார். அவர் எப்போதும் கையில் பதினொன்று, காலில் ஒன்று என்றுதான் போடுவார், எப்போதும் ஜெயிப்பார். அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே போடத் தொடங்கினார்கள். விளைவு என்ன? இரண்டு பொம்மைகள் ஒவ்வொரு கட்டமாக ஒன்றை நோக்கி ஒன்று அரைநாள் நடக்கும். அரசர் அதற்குள் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்.

ஜெயித்த தெம்பில் சேனாதிபதிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நாட்டில் ஓலை கொண்டு ஓடும் ஓட்டர்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். அரண்மனையிலிருந்து எல்லைக் கோட்டை வரை ஆள் மாற்றி ஆள் ஓடிச் செய்தி சேர்ப்பார்கள். ஆளுக்கு மாதம் ஆறு மரக்கால் நெல். சண்டையை ஜெயிப்பது கைதான், கால் அல்ல என்பது மணலிலேயே தெரிந்துவிட்டதே, ஓட்டர்களைக் கலைத்துவிட்டு அந்த நெல்லை மல்லர்களுக்குக் கொடுங்கள் என்று சேனாதிபதி விண்ணப்பம் வைத்தார். சேனாதிபதி சொன்னால் தலையாட்டுவதற்கென்றே சபையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆட்டினார்கள்.

அந்தச் சபையில் வீழிநாதன் என்ற விகடக்காரர் இருந்தார். இரண்டு தெரு நடந்தால் மூன்றாவது தெருவில் உட்கார்ந்துவிடும் உடம்பு. அரசர் பக்கத்தில் அமர்ந்து உண்ணும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. சேனாதிபதிக்கு அது வயிற்றெரிச்சல். வீழிநாதன் எழுந்து, காலில்லாத நாட்டில் எதிரி வந்த செய்தி எதிரியோடுதான் வந்து சேரும் என்று சொன்னார். அரசர் சிரித்தார். சேனாதிபதி சிரிக்கவில்லை.

"அரசே, காலின் பெருமை பேசுகிற இவர் பன்னிரண்டு கொட்டையையும் காலிலேயே போடட்டும். கைக்கிண்ணம் காலியாக இருக்கட்டும். அந்தப் பொம்மையால் என் பொம்மையைச் சாய்க்கட்டும். சாய்த்தால் ஓட்டர்கள் இருக்கட்டும். இல்லையென்றால் அவர்களோடு இவரும் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார் சேனாதிபதி.

கை காலியாக இருப்பவன் எப்படி அடிப்பது? யாரைக் கேட்டாலும் நடக்காத காரியம் என்பார்கள். அரசருக்கோ நடக்காத காரியம் என்றால் வெல்லப்பாகு. உடனே சம்மதித்துவிட்டார். சேனாதிபதி கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் சேர்த்தார். பொழுது சாயும்வரை ஓடித் தப்பித்துவிட்டுச் சமம் என்று இவர் சொல்லக்கூடாது, ஒரு பொம்மை சாய்கிறவரை எத்தனை நாள் ஆனாலும் ஆட்டம் முடியாது என்று எழுதி முத்திரை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை ஓட்டர் தலைவன் பூவாண்டி வீழிநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றான். பத்துக் காதம் ஓடினாலும் மூச்சு வாங்காதவனுக்கு அன்று நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது.

"ஐயா, முந்நூறு வீட்டுல அடுப்பு அணைஞ்சிரும்யா. எங்களுக்கு ஓடறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. உங்களுக்குச் சூது தெரியும்னு நம்பித்தான் வந்தேன்" என்றான்.

வீழிநாதனுக்கு நெஞ்சு கனத்துப் போனது. பயமும் இருந்தது. இந்த வயதில், இந்த உடம்போடு நாட்டை விட்டுப் போவதென்றால் எல்லை வரை நடக்கவே ஒரு வருஷம் ஆகும். அவர் பூவாண்டியை அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடிப்போய், சேனாதிபதி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறார் என்று கேட்டுவரச் சொன்னார். எதற்கு என்று கேட்காமல் பூவாண்டி ஓடினான், வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் திரும்பினான்.

"அஞ்சு தடவைங்கய்யா. நடுவுல கொறிக்கறது கணக்குல வராதாம்."

வீழிநாதன் அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஓட்டர்களுக்காகப் பூவாண்டி மட்டும் ஒரு தூணோரம் நிற்க அனுமதி கிடைத்தது. சேனாதிபதி தன் பெரிய பொம்மையை ஆற்றங்கரையில் வைத்தார். வீழிநாதன் தன் பொம்மையை மலைக்கு அந்தப் பக்கம் வைத்து, கைக்கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

முதலில் சபதம் சொன்னவர் வீழிநாதன்தான். தன் பொம்மை ஏழைப் பொம்மை, யார் மேலும் கை ஓங்குவதில்லை என்பதே அதன் சபதம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சபை சிரித்தது. இவ்வளவு சின்னச் சபதத்துக்குப் பக்கத்தில் பெரிய சபதம் செய்யாவிட்டால் வீரனுக்கு என்ன மரியாதை? சேனாதிபதி வம்சத்தில் சபதம் என்றால் சோற்றின் மேல்தான். அவர் தாத்தா, முப்பாட்டன் எல்லோரும் எதிரி விழும்வரை சோறு தொடேன் என்று சொல்லித்தான் களத்துக்குப் போவார்கள். அந்தக் காலத்துச் சண்டைகள் முற்பகலுக்குள் முடிந்துவிடும் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

இரணசிங்கர் மீசையை முறுக்கிக்கொண்டு, "என் பொம்மை தன் கையால் எதிரியை அடித்துச் சாய்க்கும்வரை சோறோ பலகாரமோ எதுவும் வாயில் வைக்காது. இது என் குலத்தின் மேல் ஆணை" என்றார்.

அரசர் தலையசைத்தார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். வீழிநாதன் குனிந்து மணலைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. சேனாதிபதியின் பொம்மை ஒரு கட்டம் வரும். வீழிநாதனின் பொம்மை பன்னிரண்டு கட்டம் போகும். இது மலையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் இருக்கும். காலைப் பலகாரம் வந்தது. வீழிநாதன் ஒரு கையில் இட்டலியும் மறு கையில் பொம்மையுமாக ஆடினார். சேனாதிபதி தண்ணீர் குடித்தார்.

மதியத்துக்குள் சேனாதிபதி ஒரு நல்ல காரியம் செய்தார், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பலகார மயக்கத்தில் வீழிநாதன் தன் பொம்மையை மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தி, நாலைந்து முறை நகர்த்தாமலே விட்டுவிட்டார். சேனாதிபதி அடிமேல் அடி வைத்து வந்து சந்தின் வாயை அடைத்தார். இரண்டு பொம்மைக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம். இன்னும் ஒரு அடி வைத்தால் பதினொரு கொட்டைக் கை எட்டிவிடும். தூணோரம் பூவாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனால் அது வீழிநாதனின் முறை. வாய் என்றாலும் இரண்டு கட்ட அகலம், ஒன்றில்தான் பெரிய பொம்மை நின்றது. வீழிநாதன் தன் பொம்மையை அதன் முழங்கைக்குக் கீழாகவே நுழைத்து வெளியே எடுத்து, மலைக்கு அப்பால் வைத்தார். சேனாதிபதி தொட்டியின் விளிம்பில் குத்தினார். பக்கத்தில் உரசிக்கொண்டு போனவனை அடிக்காமல் விடுவது என்ன நியாயம் என்று கேட்டார். தன் முறையில் நடந்து முடித்தபின்தான் அடி என்று அரசர் விதியைச் சொன்னார். அந்த விதியை எழுதியபோது சேனாதிபதிதான் முதலில் தலையாட்டினார் என்பதையும் நினைவூட்டினார். வீழிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. அதன்பின் அவர் பாயசத்தை மட்டும் ஒத்திவைத்தார்.

சாயங்காலம் சேனாதிபதி நடப்பதை நிறுத்திவிட்டு நின்ற இடத்தில் நின்றார். அவர் சபதம் செய்திருக்கிறார், வர வேண்டியவர் அவர்தான், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று வீழிநாதன் சுண்டலைக் கொறித்தார். பொழுது சாய்ந்தது. மணலின் மேல் துணி போர்த்தி, சேனாதிபதி வீட்டு அடுக்களைக்கு இரண்டு காவலரை அனுப்பினார் அரசர். அந்த வீட்டில் அன்று தாளிக்கக்கூட இல்லை என்று காலையில் காவலர் வந்து சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மடைப்பள்ளி வேண்டுமென்றே செய்ததா, தெரியாது. நெய் மணக்கும் பொங்கல், வடை, கத்தரிக்காய்க் கொத்சு. வீழிநாதன் ஒவ்வொன்றையும் சாப்பிடும் முன் அரசரிடம் அதன் பக்குவத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். சேனாதிபதி பொம்மையை நகர்த்தும்போதும் கண் வடை மேலேயே இருந்தது. பகல் உணவுக்கு இலை போட்டபோது அவருடைய வயிறு போட்ட சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. தலையாட்டும் பத்துப் பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

சேனாதிபதி தன் பொம்மையை இரண்டு கையாலும் எடுத்து, மணலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்.

"சாய்ந்துவிட்டது அரசே. ஓட்டர்கள் இருக்கட்டும். எனக்கு இலை போடச் சொல்லுங்கள்" என்றார்.

பூவாண்டி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். அரசர் வெற்றியை அறிவித்தார். இலை வந்தது, சோறு விழுந்தது, அதன் மேல் சாம்பார் விழுந்தது. சேனாதிபதி கையை வைக்கப் போகும்போது எழுதுகிறவர் ஓலையைப் புரட்டிப் படித்தார். தன் கையால் எதிரியை அடித்துச் சாய்க்கும்வரை என்றல்லவா ஆணை? ஆட்டம் முடிந்துவிட்டது. எதிரி அடிபடவே இல்லை. அரசர் வருத்தத்தோடு ஆமாம் என்றார்.

சேனாதிபதியின் கை இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவர் சாம்பாரைப் பார்த்தார், வீழிநாதனைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து வீழிநாதனுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"வீழிநாதரே," என்றார் இரணசிங்கர் மெல்ல, "தயவுசெய்து கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்."

சபை வெடித்துச் சிரித்தது. அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கிவிட்டது. வீழிநாதன் பூவாண்டியை அழைத்து, தன் பொம்மையை அவன் கையில் கொடுத்து, கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார்.

"பார்த்தீர்களா சேனாதிபதியாரே, பதினொரு கொட்டைக் கைக்கு வேலை கொடுக்கவும் ஒரு கால் வேண்டியிருக்கிறது" என்றார்.

பூவாண்டி பொம்மையை மலையைச் சுற்றி நடத்திவந்து, நிமிர்த்தி வைத்த பெரிய பொம்மையின் முன் நிறுத்தினான். சேனாதிபதி ஒரு தட்டுத் தட்டினார். வீழிநாதனின் பொம்மை சமர்த்தாகச் சாய்ந்தது. அடுத்த கணம் சேனாதிபதியின் கை சோற்றில் இருந்தது.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம் முத்துமாலையைக் கழற்றி வீழிநாதன் கழுத்தில் போட்டார். கூடவே ஆயிரம் பொன்னும் கொடுத்தார். ஓட்டர்களுக்கு மாதம் ஆறு மரக்கால் எட்டாகட்டும், இந்தச் செய்தி எல்லைக் கோட்டை வரை இப்போதே போகட்டும் என்று ஓலை எழுதி முத்திரையிட்டார். பூவாண்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினான். சேனாதிபதி ஏழாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது, எல்லைக் கோட்டையில் ஓட்டர்கள் வெடி வெடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.