தலைக்கு மேல் பிடித்த படம்

ஒரு வழக்கு சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது. அவசரப்பட்டுத் தாயைத் திட்டிவிடாதீர்கள்.

கரூரில் அமுதவல்லி என்றொருத்தி. அவள் மகள் நிரஞ்சனாவுக்குப் பதினோரு வயது. கை கால் வசப்படாது, பேச்சும் வராது. ஆனால் எவராவது ஊமைப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் அமுதவல்லிக்குப் பொல்லாத கோபம் வரும். ஆமாம் என்றால் நிரஞ்சனா கண்ணை மேலே உயர்த்துவாள், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த இரண்டு சொற்களைப் பழக்க அம்மாவுக்கு நான்கு வருஷம் பிடித்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை ஆயுளில் ஒருமுறை, ஆசைப்பட்ட இடத்துக்கு இலவசமாக அழைத்துப்போகும் அறக்கட்டளை ஒன்று உண்டு. ஆசை பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கேட்டு எழுத ஸ்டெல்லா என்ற பெண் படங்களோடு வந்தாள். விமானத்துக்கு நிரஞ்சனா முகத்தைத் திருப்பினாள். கடலுக்குக் கண் உயர்ந்தது.

அமுதவல்லிக்கோ விமானத்தின்மேல்தான் ஆசை. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவள். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் விமானத்தை அண்ணாந்து பார்த்து ஏங்கியவள். ஏறப்போகிறோம் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் வேறு அடித்துவிட்டாள்.

"புள்ளைக்குக் கண்ணு கூசுதுங்க மேடம், நான் கேக்குறேன்" என்று விமானப் படத்தை வாங்கி, மகளின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இதுல போலாமா கண்ணு?"

படம் மேலே இருந்தால் பிள்ளை வேறெங்கே பார்க்கும்? கண் உயர்ந்தது. ஸ்டெல்லா ஒரு கணம் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விமானம் என்றே எழுதிக்கொண்டாள்.

திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் பறந்தார்கள். அமுதவல்லி மேகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நிரஞ்சனா காது அடைத்துக் கதறினாள். அந்த அழுகை காதில் விழுந்தும் சற்று நேரம் ஜன்னலை விட்டுத் திரும்பாமல் இருந்தோமே என்று நினைத்தால் அமுதவல்லிக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

ஊர் திரும்பியதும் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொன்னாள். தலை நிமிரவில்லை. "படத்த வேணும்னேதான் தூக்கிப் புடிச்சேங்க. அந்த ஆசை எம் புள்ளையோடது இல்ல."

"தெரியும்க்கா. பார்த்தேன். நீங்களும் எங்கதான் போயிருக்கீங்க, பாவம்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து மகள் முன்னால் உட்கார்ந்தாள். "கடலுக்கு அம்மா பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன். போலாமா சாமி?"

நிரஞ்சனா கண்ணை உயர்த்தவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. அன்றிலிருந்து, சோறு வேண்டுமா என்று அம்மா கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறாள்.

இப்போது சொல்லுங்கள். பிள்ளையின் ஆசையைத் திருடிய தாய், பார்த்தும் இரக்கப்பட்டு எழுதிய ஸ்டெல்லா. இருவரில் யார் செய்தது பெரிய பிழை?

விடை: ஸ்டெல்லா என்பேன். தாய்க்கு ஆசை கண்ணை மறைத்தது. பிள்ளை சொல்வதைக் கேட்பதற்கென்றே வந்தவளுக்கு எதுவும் மறைக்கவில்லை. இரக்கப்பட்டவள் தன்னிடமிருந்து எதையாவது கொடுத்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் பங்கை எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாது. அதற்காக அமுதவல்லியை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு நாம் தண்டனை சொல்லத் தேவையில்லை. தினமும் மூன்று வேளை தட்டை வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள்.