கறுக்காத கோடுகள்

"உள்ள நர்ஸும் நிப்பாகளா?"

"நிப்பாக. கத்திரிக்கோலை எடுத்து நீட்ட ஒரு ஆள் வேணும்லா."

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. ஒருத்தி சந்தேகம் கேட்டாள், இன்னொருத்தி தீர்த்துவைத்தாள்.

வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டிருந்த தமயந்தியின் காதில் அது விழுந்தது. விழுந்தது அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பத்தொன்பது வருஷம் அந்த அரசு மருத்துவமனையின் வார்டுகளில் நர்ஸாக இருந்தவள் அவள். கடைத்தெருவில் போனால் நாலு பேராவது நின்று, "சிஸ்டர், ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள். தியேட்டருக்கு மாற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. இங்கே வருகிறவர்கள் படுத்தபடி வருகிறார்கள், படுத்தபடியே போகிறார்கள். ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

உள்ளே சாந்தசீலி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் பொறுப்பு அவளிடம்தான். தமயந்திக்கு வேலை பழக்க வேண்டியதும் அவள்தான்.

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சிஷ்யைக்கு நாற்பத்தாறு.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்றாள் தமயந்தி. "இங்க நான் யாரு?"

சாந்தசீலி துணியைக் கீழே வைத்தாள்.

"டேபிள்ல ஏறிப் படுங்கக்கா."

"என்னது?"

"படுங்க."

தமயந்தி படுத்தாள். முதுகு சில்லிட்டது. சாந்தசீலி தலைமாட்டில் வந்து நின்றாள்.

"என்ன தெரியுது?"

"விளக்கு."

"அப்புறம்?"

"உங்க கண்ணு. மத்ததெல்லாம் மாஸ்க்."

"அப்புறம்?"

"விளக்குக்குப் பின்னால சீலிங்ல பூசணம் பிடிச்சிருக்கு. கறுப்பா, ஒரு தட்டு அகலத்துக்கு."

"ஏழு வருஷமா இங்க இருக்கேன். ஒரு டாக்டரும் இதைச் சொன்னதில்ல. நின்னுக்கிட்டே பாத்தா விளக்கு மறைச்சிரும்."

சாந்தசீலி மூலையில் இருந்த நீளக் கம்பை எடுத்து, நுனியில் துணியைச் சுற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

தமயந்தி கழுத்து வலிக்கத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கோபம்தான் வந்தது. கேட்டது மரியாதை. கிடைத்தது ஒட்டடைக் கம்பு.

*

அடுத்த மாதம் அவள் மறுபடியும் வந்து நின்றாள். இந்தத் தடவை கண் சிவந்திருந்தது.

"சிஸ்டர், நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அந்தச் சின்ன டாக்டர் ஆர்ட்டரி இடுக்கியைத் தூக்கி எறிஞ்சதைப் பாத்தீங்க. 'தூங்குறியா'ன்னு கேட்டதையும் கேட்டீங்க. அவனுக்கு என் மகன் வயசு. நீங்க வாயைத் திறக்கல."

"எங்க விழுந்துச்சு?"

"எது?"

"ஆர்ட்டரி."

"தெரியல. தரையில எங்கயோ."

"தேடுங்க."

"என் மானம் போயிருச்சுன்னு நிக்கிறேன். நீங்க இடுக்கியைத் தேடச் சொல்றீங்க."

"மானம் கிடைச்சாலும் கிடைச்சிரும்க்கா. புது ஆர்ட்டரி கேட்டு இன்டென்ட் எழுதிப் போட்டா வர ஆறு மாசம் ஆகும்."

தமயந்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தும் என்று தெரியாமல் குனிந்து தேடினாள். மயக்க மருந்து மெஷினுக்கு அடியில் கிடந்தது. நுனி லேசாக வளைந்திருந்தது.

சாந்தசீலி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தனியே எடுத்து வைத்தாள்.

"இது இனி ரத்தக் குழாயைப் பிடிக்காது. பிடிச்ச மாதிரி காட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். சின்ன டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

'இவளிடம் போய் நியாயம் கேட்கிறேனே' என்று தமயந்தி தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

மூன்றாவது சண்டை ஒரு சொல்லைப் பற்றியது.

ஆபரேஷன் கருவிகளைத் தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் பொதிந்து, ஆட்டோகிளேவில் வேகவைப்பார்கள். மூட்டைக்கு மேலே ஒரு டேப் ஒட்டியிருக்கும். அதில் வெளிறிய கோடுகள். ஆவி பட வேண்டிய அளவுக்குப் பட்டால் கோடுகள் கறுத்துவிடும். கறுத்தால் கிருமி செத்தது என்று நம்பலாம்.

எல்லாத் தியேட்டரிலும் வெளியே ஒரு டேப் ஒட்டுவார்கள். சாந்தசீலி உள்ளேயும் ஒரு துண்டு வைப்பாள், கருவிகளுக்கு நடுவில். வெளியே இருப்பது துணிக்கு, உள்ளே இருப்பது கருவிக்கு என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் அவள் கையுறை போட்ட கையால் உள் மூட்டையைப் பிரிப்பாள். அந்தத் துண்டை இடுக்கியில் எடுத்து, பார்க்காமலே தமயந்தியிடம் நீட்டுவாள்.

"படிங்கக்கா."

தமயந்தி வெறுங்கையில் வாங்கிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி "கறுப்பு" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சாந்தசீலி கருவியில் கை வைப்பாள்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஆறு தடவை.

"கறுப்பு."

"கறுப்பு."

ஒருநாள் தமயந்தி கேட்டே விட்டாள். "கறுப்புன்னு சொல்றதுக்கு ஒரு நர்ஸா? கிளியைப் பிடிச்சுக் கூண்டுல வச்சாலே சொல்லுமே. உங்களுக்கே தெரியுதுல்ல, நீங்களே பாத்துக்க வேண்டியதுதான?"

"கிளிகிட்டயும் கொடுத்துப் பாக்கலாம்க்கா. அதுக்கு வேற ஒரு சொல்லும் தெரிஞ்சிருந்தா."

தமயந்தி அன்று அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

*

ஆட்டோகிளேவ் மெஷின் பழசு. மூன்று மாதமாகப் பாதியில் ஆவி இறங்கியது. சாந்தசீலி நாலு கடிதம் எழுதியிருந்தாள். பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கடிதம் கிடைத்தது என்று.

அன்றைக்கு முதல் கேஸ் முத்துப்பேச்சி. உப்பளத்தில் சுமை தூக்குகிறவள். அடிவயிற்றில் குடலிறக்கம். மூன்று வருஷமாகப் பழைய சேலைத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புச் சுமந்தவள். இரண்டு தடவை தேதி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு தடவை கரண்ட் இல்லை. இன்னொரு தடவை டாக்டர் இல்லை.

மணி ஒன்பதேகால். முத்துப்பேச்சி டேபிளில் படுத்திருந்தாள். மயக்க டாக்டர் முதுகில் ஊசி போடத் தயாராக நின்றார். சர்ஜன் கணபதிராமன் கை கழுவிக் கையுறை மாட்டியாயிற்று. பிதுங்கிய இடத்தை உள்ளே தள்ளி, வலை வைத்துத் தைக்கப்போகிறார்.

சாந்தசீலி மூட்டையைப் பிரித்தாள். துண்டை எடுத்து நீட்டினாள்.

"படிங்கக்கா."

தமயந்தி வாங்கினாள். வாய் பழக்கத்தில் 'க' என்று திறந்தது. கண் அதை நிறுத்தியது.

கோடுகள் கறுக்கவில்லை.

"சாம்பல்" என்றாள்.

"என்ன சாம்பல்?" என்றார் சர்ஜன்.

"உள்ள வச்ச டேப் சார். சரியா மாறல."

"வெளிய உள்ளது?"

"கறுப்பு."

"அப்புறம் என்ன? உள்ள டேப் வைக்கணும்னு எவன் ரூல் போட்டது?"

சர்ஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு செட் எடு."

"அதுவும் இதே மெஷின்ல, இதே தடவைல வந்ததுதான் சார்" என்றாள் தமயந்தி. "லேபர் வார்டு மெஷின் நல்லாருக்கு. அங்க கொண்டுபோய் வச்சா பதினொரு மணிக்குள்ள வந்திரும்."

"பத்தரைக்கு நான் கிளம்பணும்."

எங்கே கிளம்புகிறார் என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய சொந்த ஆஸ்பத்திரி. அங்கே மெஷின் புதுசு.

அவர் சாந்தசீலி பக்கம் திரும்பினார். "சீலி, நீ சொல்லு. இந்தப் புது சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியல."

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு புது சிஸ்டர். தமயந்தியின் காதுமடல் சுட்டது.

"டேப்பை அக்காதான் பாத்தாங்க சார்" என்றாள் சாந்தசீலி. "அவங்ககிட்ட கேளுங்க."

சொல்லிவிட்டுக் கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள். தியேட்டரில் வேலை இல்லாதபோது நர்ஸுகள் அப்படித்தான் நிற்பார்கள்.

இப்போதும் வாயைத் திறக்க மாட்டாளா என்று தமயந்திக்கு வந்தது ஆத்திரம். மெஷின் மேல் ஆத்திரம். கிடைத்தது என்று பதில் எழுதியவன் மேல் ஆத்திரம். குரு என்று நின்றுகொண்டு கையைக் கோத்துக்கொண்டவள் மேல் எல்லாவற்றையும் விட.

அப்போது டேபிளிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"தாயி, இன்னைக்கும் இல்லைன்னு சொல்லீராதிய."

முத்துப்பேச்சி தலையைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. விளக்கைப் பார்த்தே பேசினாள்.

"நேத்து ராத்திரியிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. மூணாவது மட்டம் வாரேன். இனி லீவு சொன்னா மேஸ்திரி வேற ஆளை வச்சிருவாரு. எப்படியாவது போட்டு விட்டிருங்க."

"கேட்டியா?" என்றார் சர்ஜன். "பேஷண்டே போடச் சொல்றா. உனக்கென்ன?"

"சாம்பல்னா என்னன்னு அவங்களுக்குச் சொல்லலையே சார்."

"ஆன்டிபயாடிக் ரெண்டு ஊசி கூடப் போட்டுக்கலாம்."

"உள்ள வலை வைக்கிறீங்க சார். சீழ் பிடிச்சா?"

"பிடிச்சா நான் பாத்துக்கறேன்."

"எங்க வச்சு சார் பாப்பீங்க?"

மயக்க டாக்டர் தலை குனிந்து, ஊசிமருந்தின் பெயரை இரண்டாம் முறை படித்தார்.

சர்ஜனின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே சிறுத்தன. குரல் ஏறவில்லை.

"கேஸ் ஷீட்ல நான் கையெழுத்துப் போடறேன். என் பொறுப்பு. உன் பேர் எங்கயும் வராது. போதுமா? வராத பேருக்கு ஏம்மா இவ்வளவு ஆட்டம்?"

தமயந்தி அந்த டேப் துண்டைப் பார்த்தாள். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

"நான் கறுப்புன்னு சொல்ல மாட்டேன் சார்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சீலி, கத்தி."

சாந்தசீலி நகரவில்லை. கோத்த கை கோத்தபடி இருந்தது. மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் தமயந்தியைப் பார்த்தன. அந்தக் கண்களில் கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. டேப்பை நீட்டும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தன.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? சரி. உங்க மேல என்ன எழுதணுமோ சாயங்காலம் எழுதறேன்." சர்ஜன் மயக்க டாக்டரிடம், "ஸ்பைனல் போடுங்க" என்றார். "கருவியை நானே எடுத்துக்கறேன்."

மயக்க டாக்டர் முத்துப்பேச்சியின் தோளைத் தொட்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அவள் முழங்காலை மடக்கிக் குறுகினாள். "புண்ணியமாப் போகும்யா" என்றாள் சுவரைப் பார்த்து.

சர்ஜன் கருவித் தட்டு இருந்த ட்ராலியை நோக்கி ஓர் அடி வைத்தார். ட்ராலிக்கு அந்தப் பக்கம் தமயந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லு" என்றார். "வெறுங்கை பட்டா மொத்த செட்டும் போச்சு."

தமயந்தி டேப் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு வலது கையைத் தட்டுக்குள் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒரு கருவியைக்கூட விடாமல் தடவினாள்.