சுவரைப் பார்த்த படம்

சடையாண்டியின் சினை ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போன புண்ணியவான் மணியக்காரர் கோமதிநாயகம். வீட்டுக்கு வீடு ஜமீன்தார் படம் மாட்டியிருந்தது. அந்தக் கண்கள் எல்லாவற்றையும் பார்க்கும், யாரும் மறைக்கக் கூடாது என்பது உத்தரவு. சடையாண்டி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான். அதுதான் குற்றம்; அதற்குத்தான் ஆடு போனது.

அரண்மனையில் விசாரணை. தப்பு உறுதியானால் ஊரைவிட்டே துரத்துவார்கள். ஜமீன்தார் பக்கத்தில் ராணியம்மாவும் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா என்னைத் திருப்பினே?"

"எசமான், அந்தப் படம் நெசமாவே பார்க்குதுங்களா?"

"சந்தேகம் வேறயா? ராத்திரி பகலா பார்க்கிறேன். ஒரு வீட்டையும் விட்டதில்லை."

"அதான் திருப்பினேன் எசமான். எனக்கு இருக்கிறது ஒத்தை அறை. என் பொஞ்சாதி சேலை மாத்துறதும் அதுலதான். ஊர்ல முக்கால்வாசி வீடு அப்படித்தானுங்க."

ராணியம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "ஒரு வீட்டையும் விட்டதில்லையா?"

ஜமீன்தாருக்குத் திடீரென்று இருமல் வந்தது. "அது வெறும் காகிதம்தானே. அதுக்கு ஏது கண்ணு?"

அன்று சாயங்காலமே ஊரிலுள்ள படமெல்லாம் சுவரைப் பார்த்தது. சடையாண்டியையும் விட்டுவிட்டார்கள். ஆட்டைத்தான் விடவில்லை. அது குட்டி போட்டு, குட்டியும் மணியக்காரர் கொட்டிலில்தான் கத்துகிறது. எல்லாவற்றையும் பார்க்கிற ஜமீனில், அந்த ஆடு மட்டும் இன்றுவரை யார் கண்ணிலும் படவில்லையாம்.