அடுப்பில் உட்கார்ந்த கோழி

"இருநூத்திப் பன்னெண்டு பக்கம் எழுதினேன் மேடம். ஒரு ஆள் படிக்கல."

தணிகாசலம் அறிக்கையை மேசைமேல் வைத்தார். மேசை கொஞ்சம் ஆடியது.

ஊருக்குக் கொடுத்த திட்டம் ஊருக்குப் பயன்பட்டதா என்று மதிப்பிடுவது அவர் வேலை. முப்பது வருட அனுபவம். எதிரே இருந்த ரெஜினாவுக்கு வயதே முப்பத்திரண்டுதான். அவளுக்கும் அதே வேலை. கார்ட்டூன் போட்டே கமிட்டிகளைப் பேசவைக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கூச்சத்தை விட்டு வந்திருந்தார்.

"எதைப் பத்தின அறிக்கை சார்?"

"புகையில்லா அடுப்பு. மலையில பன்னெண்டு ஊருக்குக் கொடுத்தாங்க. அதையே இன்னும் நாப்பது ஊருக்குக் கொடுக்க வியாழக்கிழமை கையெழுத்தாகப் போகுது. அந்த அடுப்பு சரியில்ல மேடம். பொம்பளைங்க இன்னமும் பழைய அடுப்புப் புகையிலதான் கண்ணைக் கசக்கிட்டு இருக்காங்க."

"இதை எங்க எழுதியிருக்கீங்க?"

"நூத்தி நாப்பதாம் பக்கத்துல. 'வடிவமைப்பில் மறுபரிசீலனை தேவைப்படலாம்'னு."

ரெஜினா ஒரு வெள்ளைத் தாளையும் ஸ்கெட்ச் பேனாவையும் தள்ளினாள்.

"அங்க பார்த்ததுல ஒண்ணை வரைங்க."

"எனக்கு வரைய வராது."

"நல்லதாப் போச்சு."

வேர்க்க விறுவிறுக்க வரைந்தார்.

"இது உருளைக்கிழங்கா சார்?"

"கோழி. ஒரு வீட்டுல அந்த அடுப்பு மேல உட்கார்ந்திருந்துச்சு. விறகு வைக்கிற வாய் வழியா குஞ்சுங்க எட்டிப் பார்த்துச்சு."

"அந்த வீட்டுக்குப் படிவத்துல என்ன போட்டீங்க?"

தணிகாசலத்துக்குக் காது சிவந்தது.

"சொல்லுங்க சார்."

"'பயன்பாட்டில் உள்ளது'. அந்தம்மாவும் ஆமான்னாங்க. ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருந்துச்சு."

ரெஜினா சிரித்துவிட்டாள். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, முப்பது வருடத்தில் எத்தனை கோழிகளுக்கு டிக் அடித்தோமோ என்று நினைத்தார். 

"கமிட்டிக்கு நீங்களே இதை அழகா வரைஞ்சு கொடுத்துடுங்களேன்."

"நான் கோழியைப் பார்க்கலையே. இதையே எடுத்துட்டுப் போங்க. முதல்ல அந்த ஊர்ல காட்டுங்க."

காட்டினார்.

போன தடவை "ஆமாங்க" என்ற ஒரே சொல்லோடு வழியனுப்பிய பெண்கள், இந்தத் தடவை இரண்டு மணி நேரம் அவரை விடவில்லை. "எங்க வீட்டுல அதுல வெங்காயம் கொட்டி வெச்சிருக்கேன், அதையும் போடுங்க" என்றாள் ஒருத்தி. கோழிக்குச் சொந்தக்காரி பூங்காவனம், "வால் எங்க?" என்று பேனாவைப் பிடுங்கித் தானே வாலைப் போட்டாள். பிறகு, "கமிட்டிக்கு நானும் வரேன்" என்றாள்.

வியாழக்கிழமை. கமிட்டித் தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் எதிரே கிடந்த தாளைப் பார்த்தார். மீசை துடித்தது.

"என்னய்யா இது? கோழி ஏன் அடுப்புல உட்கார்ந்திருக்கு?"

இத்தனை வருடத்தில் எந்தக் கமிட்டியும் தணிகாசலத்தை ஒரு கேள்வி கேட்டதில்லை. பழக்கதோஷத்தில் நூற்று நாற்பதாம் பக்கத்தைத் தேடினார்.

அதற்குள் பூங்காவனம் எழுந்துவிட்டாள்.

"அது வாயில எங்க வெறகு நுழையலைங்க சார். குஞ்சுதான் நுழையுது."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. தலைவர் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"வாய் எவ்வளவு பெரிசா வேணும்? வரைஞ்சு காட்டுங்கம்மா."