கொடி ஏறாத நாள்

வரும் ஏவுகணையை நடுவானில் உடைக்கும் பொறிகள் இரண்டு தளபதியிடம் இருந்தன. சோதனைக்குப் பத்துப் பத்து ஏவுகணைகள் ஏவியபோது, ஒவ்வொன்றும் பத்தையும் உடைத்தது.

மீனவர்களை எச்சரிக்க, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கரையில் சிவப்புக் கொடி ஏற்றுபவர் மாசாணம். தளபதி அவரைக் கேலியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டுல எது உசத்தி? சொல்லலேன்னா உனக்கு வேலை கிடையாது."

"நாளைக்குக் கோயில் கொடைத் திருவிழா, கடல்ல ஆள் இருக்காது. கொடி ஏத்தாம, நேரம் சொல்லாம ஏவச் சொல்லுங்கய்யா. சொல்லிடுறேன்."

மறுநாள் வெடிமருந்து இல்லாத இரண்டு வெற்று ஏவுகணைகள் வந்தன. பொறிகள் அசையவே இல்லை. இரண்டும் கடலில் விழுந்தன.

தளபதி கத்தினார்: "கொடி ஏறினாத்தானே ஆளுங்க பொறியைத் தயாரா வைப்பாங்க!"

மாசாணம் ஏற்றாத கொடியை மடித்தார்.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா. போன சண்டையில என் மக வீட்டு மேல ஏவுகணை விழுந்தப்பவும் யாரும் கொடி ஏத்தலை."